உப்பு வாரியவர் யார்?
தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்வது பற்றி



அயோத்திதாசப் பண்டிதரின் நினைவாகப் பேச வேண்டும் என்று கேட்டபோது நான் தயங்கினேன். அவருடைய பௌத்தத்தைப் பற்றியும் 'தமிழன்' இதழைப் பற்றியும் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள் என்றேன். "உங்களுக்குத் தெரிந்ததைப் பேசுங்கள்" என்றார்கள். எனக்குத் தெரிந்தது மாலை வகுப்பு. பல ஆண்டுகளாக, தூத்துக்குடி உப்பளங்களை ஒட்டிய ஒரு குடியிருப்பில், மூன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளோடு மாலை நேரத்தில் உட்கார்ந்து வருகிறேன். சமூகவியல் படித்தவள் நான். ஆனால் வரலாறு என்றால் என்ன என்று என்னை யோசிக்க வைத்தவர்கள் பல்கலைக்கழகத்தில் இல்லை. அந்தப் பிள்ளைகள்தான்.

ஒருநாள் உப்புச் சத்தியாகிரகம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். 1930 ஏப்ரலில் காந்தி தண்டிக் கடற்கரையில் உப்பு எடுத்தார். அதே மாதம் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வேதாரண்யம் போய் உப்பு எடுத்தார். நானும் உணர்ச்சியோடுதான் சொன்னேன். நான்காம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கையைத் தூக்கினாள்.

"அக்கா, ஒரு பிடி உப்பு எடுத்ததுக்கு அவுக பேரு புஸ்தகத்துல இருக்கில்லா? எங்கம்மை தெனமும் அம்பாரமா அள்ளுதா. அவ பேரு ஏன் இல்ல?"

மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். வீட்டுக்குப் போன பிறகுதான் அந்தச் சிரிப்பு எனக்கு உறுத்தியது. சட்டத்தை மீறி எடுத்த உப்புக்கும் கூலிக்கு வாரும் உப்புக்கும் வேறுபாடு உண்டு என்று அவளுக்கு விளக்கியிருக்கலாம். அது சரியான விளக்கமும்கூட. ஆனால் அவள் கேட்டது அதை அல்ல. இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்தபடி உப்பு விளையும் இடம் நம் கடற்கரை. அந்த உப்பை விளைவிப்பவர்களின் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் உப்பைப் பற்றிய பாடம் நடக்கிறது. அந்தப் பாடத்தில் அவர்கள் வீட்டு ஆள் ஒருவர்கூட இல்லை. இதைத்தான் அவள் கேட்டாள். அந்தக் கேள்விக்கு நான் பதில் தேடியதன் கதைதான் இன்றைய பேச்சு.

இரண்டு கேள்விகள்

நம் மாநிலப் பாடத்திட்டத்தில் மூன்றாம் வகுப்பிலிருந்து சமூக அறிவியல் தனிப் பாடமாக வருகிறது. எட்டு வயதில் ஒரு பிள்ளைக்கு 'பண்டைக்காலம்' என்ற சொல் வந்து சேர்கிறது. நூல்கள் முன்பைவிட எவ்வளவோ மேம்பட்டிருக்கின்றன, படங்கள் அழகாக இருக்கின்றன. குறை சொல்வது என் நோக்கமில்லை. ஆனால் வகுப்பறையில் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். மூவேந்தர் யார், தலைநகரம் எது, சின்னம் எது, விடுதலைப் போராட்ட வீரர் பிறந்த ஊர் எது. கோடிட்ட இடம் நிரப்பப்படுகிறது. அரசர்களின் பெயரும் தலைவர்களின் பெயரும் மட்டுமே வரலாறு என்று ஒரு பிள்ளை எட்டு வயதில் முடிவு செய்துவிடுகிறது. அப்படி முடிவு செய்த பிள்ளை, தன் வீட்டுக்கு வரலாறு கிடையாது என்றும் சேர்த்தே முடிவு செய்கிறது.

நாங்கள் மாலை வகுப்பில் இரண்டே இரண்டு கேள்விகளைச் சுவரில் எழுதி வைத்தோம். ஒன்று: 'இந்த வேலையைச் செய்தவர் யார்?' இரண்டு: 'நமக்கு எப்படித் தெரியும்?' எந்தப் பாடம் வந்தாலும், தேச வரலாறானாலும் நம் வட்டார வரலாறானாலும், இந்த இரண்டையும் கேட்க வேண்டும் என்பது விதி.

சின்னப் பிள்ளைகளுக்கு நூற்றாண்டு புரியாது. 'கி.மு.' என்றால் ஏதோ மருந்தின் பெயர் மாதிரி இருக்கிறது அவர்களுக்கு. ஆனால் காலம் புரியாது என்று நினைத்துவிடாதீர்கள். 'போன கொடைக்கு', 'சுனாமி வந்த வருசம்', 'ஆச்சி சின்னப் பிள்ளையா இருக்கையில' என்று அவர்கள் காலத்தை நன்றாகவே அளக்கிறார்கள். அதனால் ஒரு நீளக் கயிறு கட்டினோம். முதல் முடிச்சு பிள்ளை. அடுத்தது அம்மா, அடுத்தது ஆச்சி, அடுத்தது ஆச்சியின் ஆச்சி. ஆச்சியின் ஆச்சி வரும்போது வ.உ.சி. காலம் வந்துவிடுகிறது. அந்தக் கயிறு வாசலைத் தாண்டித் தெருவில் எவ்வளவு தூரம் போனால் கொற்கை வரும் என்று அவர்களே எண்ணிப் பார்த்தார்கள். தெருமுனை வரைக்கும் கயிறு பத்தவில்லை. 'பண்டைக்காலம்' என்பது எவ்வளவு தூரம் என்று அன்றைக்குத்தான் அவர்களுக்குப் புரிந்தது.

முத்தும் மூச்சும்

முதலில் கொற்கையை எடுத்துக்கொண்டோம். பாண்டியர் துறைமுகம், முத்துக்குப் பெயர்போனது. இதுவரை எல்லாப் பிள்ளைகளும் ஒப்பிப்பார்கள். இனி முதல் கேள்வி: கடலுக்குள் இறங்கியவர் யார்?

கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்கக் கடல்வழிக் குறிப்பான 'பெரிப்ளூஸ்' கொற்கையின் முத்துக்குளிப்பைக் குறிப்பிடுகிறது. அங்கே அந்த வேலையில் ஈடுபடுத்தப்பட்டவர்கள் தண்டனை பெற்ற கைதிகள் என்றும் சொல்கிறது. அரசனின் மார்பில் கிடந்த முத்துமாலையைப் பற்றிப் பேசுகிறோம். அதை எடுத்து வந்தவன் விருப்பப்பட்டு இறங்கவில்லை என்பதைப் பேசுவதில்லை. இதை ஒரு பிள்ளைக்குச் சொன்னால் அது பயப்படாது. "அவங்க என்ன தப்பு செஞ்சாங்க?" என்று கேட்கும். எங்கள் பிள்ளைகள் கேட்டார்கள். அந்தக் கேள்வி ஒரு வரலாற்று ஆய்வாளரின் கேள்வி.

பிற்காலத்தில் பரதவர்களும் கீழக்கரைப் பக்கத்து முஸ்லிம்களும் இந்தக் கடலில் முத்துக் குளித்தார்கள். காலில் கல்லைக் கட்டி இறங்குவார்கள். படகில் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார். மூச்சு முட்டும்வரை சிப்பி பொறுக்கிவிட்டுக் கயிற்றை அசைத்தால் மேலே இழுப்பார். போர்ச்சுகீசியர் வந்தார்கள். 1658இல் தூத்துக்குடியை டச்சுக்காரர்கள் பிடித்தார்கள். பிறகு ஆங்கிலேயர் வந்தார்கள். கொடி மாறியது, இறங்குகிறவரின் மூச்சு மாறவில்லை. ஆங்கிலேயர் காலத்தில் எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்குதான் முக்குளிப்பவர்களுக்கு, மீதி அரசுக்கு. பிள்ளைகளிடம் மூன்று கூழாங்கல்லைக் கொடுத்து இரண்டைத் திருப்பி வாங்கினோம். கணக்கும் ஆயிற்று, வரலாறும் ஆயிற்று. இங்கே பெரிய அளவில் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961இல். அதைக் கண்ணால் பார்த்த தாத்தாக்கள் கடற்கரைத் தெருக்களில் இன்னும் இருக்கிறார்கள்.

எங்கள் வகுப்பில் பெரும்பாலும் நம் பிள்ளைகள். சில கடற்கரைப் பிள்ளைகளும் வருகிறார்கள். தூத்துக்குடியில் இந்த இரண்டு தெருக்களுக்கும் இடையே எவ்வளவு விலகல் உண்டு என்று உங்களுக்குத் தெரியும். மூச்சை அடக்கி இறங்கியவரின் பேரனும் பாத்தியில் நின்று கால் புண்ணானவரின் பேத்தியும் அன்று ஒரே கணக்கைப் போட்டார்கள். 'யார் அரசன்' என்று கேட்டால் ஒவ்வொரு பிள்ளையும் தன் சாதியின் அரசனைத் தேடுகிறது. 'யார் வேலை செய்தார்' என்று கேட்டால் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள்.

ஒரே துறைமுகம், இரண்டு கப்பல்கள்

அடுத்து வ.உ.சி. தூத்துக்குடிப் பிள்ளைக்கு அவர் பெயர் தாலாட்டோடு வந்துவிடுகிறது. துறைமுகத்துக்கு அவர் பெயர், கல்லூரிக்கு அவர் பெயர். 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார். அடுத்த ஆண்டு 'காலியா', 'லாவோ' என்ற இரண்டு கப்பல்கள் வந்தன. 1908இல் கைதானார், இரட்டை ஆயுள் தண்டனை பெற்றார், தண்டனை குறைக்கப்பட்டு 1912 டிசம்பரில் வெளியே வந்தார். இவ்வளவும் சொல்ல வேண்டும். பெருமையோடு சொல்ல வேண்டும். ஆனால் முதல் கேள்வியையும் கேட்க வேண்டும்.

கேட்டால் கோரல் மில் வருகிறது. 1908 பிப்ரவரி இறுதியில் அந்த ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்டார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களோடு நின்றார்கள். மார்ச் முதல் வாரத்தில் தொழிலாளர்கள் வென்றார்கள். அடுத்த சில நாட்களில் தலைவர்கள் கைதானார்கள். அந்த நாட்களில் போராட்டத்தை எதிர்த்தவர்களுக்குச் சவரம் செய்ய மாட்டோம் என்று நாவிதர்கள் மறுத்தார்கள். இதைச் சொன்னபோது எங்கள் வகுப்பில் ஒரு பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான். அவனுடைய அப்பா சலூன் வைத்திருக்கிறார். அதுவரை அவன் அதை யாரிடமும் சொன்னதில்லை. அன்று சொன்னான்.

வ.உ.சி.யின் வீட்டுக்குள்ளும் பிள்ளைகளைக் கூட்டிப் போகலாம். ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த, பார்வையற்ற ஒரு துறவிக்கு அவர் மனைவி வள்ளியம்மை வீட்டுக்குள் வைத்துச் சோறு பரிமாறினார். உறவுக்காரர்கள் எதிர்த்தார்கள். வ.உ.சி. மனைவியின் பக்கம் நின்றார். கப்பலைவிட இந்தச் சோறு எட்டு வயதுப் பிள்ளைக்குச் சீக்கிரம் புரிகிறது. கப்பல் விட அவர்களுக்கு வாய்ப்பு வராமல் போகலாம். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும் வாய்ப்பு மறுநாள் மதியமே, சத்துணவு வரிசையிலேயே வரும்.

இதே துறைமுகத்திலிருந்து இன்னொரு கப்பலும் போனது. மண்டபம் முகாம் வருவதற்கு முன்பே, தூத்துக்குடி வழியாக ஆயிரக்கணக்கானவர்கள் கொழும்புக்குக் கப்பல் ஏறினார்கள். கண்டிச் சீமையின் காப்பித் தோட்டத்துக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் போனவர்கள். அவர்களைத் தங்கவைக்க நம் தட்டப்பாறையில் முகாம் இருந்தது. ரயிலில் வரும்போது தட்டப்பாறை நிலையத்தைக் கடந்துதான் நீங்கள் வந்திருப்பீர்கள். அவர்களில் பெரும்பகுதி பள்ளர், பறையர், அருந்ததியர். பஞ்சத்துக்கும் கடனுக்கும் பண்ணையடிமைத்தனத்துக்கும் தப்பிப் போனவர்கள். தேசத்தின் பெயரால் ஓடிய கப்பலில் நம்மவர்களுக்கு என்ன இடம் என்ற கேள்வியை அந்தக் காலத்திலேயே கேட்டவர் அயோத்திதாசர். சுதேசிக் கப்பல்கள் வந்த அதே 1907இல்தான் ஜூன் மாதம் சென்னையில் அவர் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். சாதியை விடாமல் சுதேசியம் பேசுகிறவர்களை அந்த இதழ் வாரம் தவறாமல் கேள்வி கேட்டது.

இரண்டு கப்பல்களையும் சேர்த்துச் சொன்னால் பிள்ளை குழம்பிவிடும் என்று ஆசிரிய நண்பர்கள் சிலர் சொன்னார்கள். எங்கள் பிள்ளைகள் குழம்பவில்லை. ஒரு தாளில் இரண்டு கப்பல் வரைந்தார்கள். ஒன்றில் கொடி வரைந்தார்கள். இன்னொன்றில் மூட்டை முடிச்சோடு மனிதர்களை வரைந்தார்கள். ஒரு பிள்ளை வீட்டுக்குப் போய்க் கேட்டபோதுதான், அதன் கொள்ளுப் பாட்டி சிலோனில் பிறந்தவர் என்பது தெரியவந்தது. 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு அனுப்பப்பட வேண்டியவர்கள் என்று கணக்கிட்டார்கள். அந்தக் கணக்கில் ஒருவராக வந்தவர் அந்தப் பாட்டி. அந்த வீட்டில் அதுவரை யாரும் அந்தக் கதையைக் கேட்டதில்லை.

பெயர்களின் அரசியல்

இப்போது கஷ்டமான இடத்துக்கு வருகிறேன். இந்த அரங்கில் இதைச் சொல்வதற்கு எனக்குத் தயக்கம் உண்டு. இருந்தாலும் சொல்கிறேன்.

நம் இயக்கங்கள் நீண்ட காலமாகக் கேட்டு வந்தது நம்முடைய பெயர்களைப் பாடத்தில் சேர்க்க வேண்டும் என்பதை. அது நியாயமான கோரிக்கை, இன்னும் நிறைவேறாத கோரிக்கை. கட்டபொம்மனைக் கயத்தாறில் தூக்கிலிட்டது 1799 அக்டோபர் 16 என்று பிள்ளைகளுக்குத் தெரியும். கவர்னகிரியின் சுந்தரலிங்கத்தைத் தெரியாது. 1997இல் அவர் பெயரில் ஒரு போக்குவரத்துக் கழகம் தொடங்கப்பட்டது. அந்தப் பெயர் தாங்கிய பேருந்தில் ஏற மாட்டோம் என்றார்கள். தென்மாவட்டங்கள் எரிந்தன. கடைசியில் அரசு என்ன செய்தது? எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் எல்லா மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை எடுத்துவிட்டது. 1986இல் பிறந்த நம் மாவட்டத்தின் பெயர் சிதம்பரனார் மாவட்டம். அது தூத்துக்குடி மாவட்டம் ஆனது அந்த முடிவால்தான். ஒரு தலித் வீரனின் பெயர் சாலையில் ஓடுவதைவிட, வ.உ.சி.யின் பெயரும் சேர்ந்து போனாலும் பரவாயில்லை என்று சாதி முடிவு செய்தது. அப்போது எனக்குப் பதினேழு வயது. அந்த வெட்டவெளியான பேருந்துப் பக்கங்களைப் பார்த்து வளர்ந்தவள் நான்.

இதிலிருந்து நான் கற்றது இரண்டு. ஒன்று, பெயருக்காகப் போராடுவதை நாம் விடக்கூடாது. இரண்டு, பெயர் மட்டும் போதாது. இன்றைக்குத் தென்மாவட்டப் பள்ளிகளில் பிள்ளைகளின் மணிக்கட்டைப் பாருங்கள். கயிற்றின் நிறம் சாதியைச் சொல்கிறது. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு வீரர் படம், ஒரு குருபூஜை, ஒரு வாட்ஸ்அப் நிலைத்தகவல். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நம் பிள்ளை ஒருவன் வீட்டுக்குள் வைத்து வெட்டப்பட்டான். காப்பாற்ற வந்த தங்கையும் வெட்டப்பட்டாள். வெட்டியவர்கள் அவனோடு படித்த மாணவர்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கயிறுகளைத் தடை செய்ய வேண்டும், பள்ளிகளின் பெயரில் சாதி இருக்கக்கூடாது என்றெல்லாம் பரிந்துரைத்தது. வரவேற்கிறேன். ஆனால் கயிற்றை வாசலில் அறுத்துவிட்டு வகுப்புக்குள் வீரர்களின் பட்டியலை மட்டும் ஒப்பிக்கச் சொன்னால், பிள்ளை அந்தப் பட்டியலிலிருந்தே புதுக் கயிறு திரித்துக்கொள்ளும். நாம் சேர்க்கும் பெயரும் அந்தப் பட்டியலில் இன்னொரு நிறமாக மட்டும் நின்றுவிடக்கூடாது.

இதற்குத்தான் இரண்டாவது கேள்வி. 'நமக்கு எப்படித் தெரியும்?' மளிகைக் கடையிலிருந்து மூன்று அட்டைப்பெட்டி வாங்கி வைத்தோம். 'பார்த்தோம்', 'எழுதி வைத்தார்கள்', 'சொல்கிறார்கள்' என்று எழுதி ஒட்டினோம். எந்தச் செய்தியையும் துண்டுச்சீட்டில் எழுதிச் சரியான பெட்டியில் போட வேண்டும். ஆதிச்சநல்லூர்த் தாழி 'பார்த்தோம்' பெட்டிக்குப் போனது. கைதிகள் முத்துக் குளித்த செய்தி 'எழுதி வைத்தார்கள்' பெட்டிக்குப் போனது. கொற்கை வன்னி மரத்துக்கு இரண்டாயிரம் வயது என்பது 'சொல்கிறார்கள்' பெட்டிக்குப் போனது. சுந்தரலிங்கமும் வடிவும் வெடிமருந்துக் கிடங்கில் பாய்ந்து உயிர்விட்ட கதையையும் பிள்ளைகள் அதே பெட்டியில்தான் போட்டார்கள். எனக்கு மனம் வலித்தது. ஆனால் அவர்கள் செய்தது சரி. 'சொல்கிறார்கள்' என்பது பொய் என்று பொருளல்ல. எழுத்து மறுக்கப்பட்டவர்களின் வரலாறு பாட்டிலும் வாய்மொழியிலும்தானே இருக்கும்? எழுதியவர்கள் ஏன் நம்மை எழுதவில்லை என்ற அடுத்த கேள்வி அங்கேதான் பிறக்கிறது.

இதில் நமக்கும் ஒரு நேர்மை வேண்டும். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் ஆஷ் துரை சுடப்பட்டார். பிரசவ வலியில் துடித்த தலித் பெண்ணை அவர் அக்ரகாரத் தெரு வழியாகக் கொண்டுபோனதுதான் காரணம் என்ற கதை நம் மேடைகளில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. நானும் ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறேன். அந்தக் காலத்து ஆவணம் எதையும் காட்டி அதை யாரும் நிறுவவில்லை. சொல்ல வேண்டுமானால் 'சொல்கிறார்கள்' பெட்டியில் வைத்துத்தான் சொல்ல வேண்டும். மற்றவர்களின் புராணத்தை ஆதாரம் கேட்டு உடைக்கிற நாம், நம் பிள்ளைகளுக்கு நம்முடைய புராணத்தைக் கொடுக்கக்கூடாது. ஆதாரம் கேட்கும் பழக்கம் எட்டு வயதில் கையில் ஏறினால், பதினைந்து வயதில் யாரும் அந்தக் கையில் கயிறு கட்டுவது கடினம்.

வலியைச் சொல்லலாமா?

"சின்னப் பிள்ளைகளிடம் தீண்டாமையைப் பற்றியும் வன்கொடுமையைப் பற்றியும் பேசலாமா?" என்று பெற்றோர்கள் கேட்கிறார்கள். என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது ஒருநாள் தீண்டாமை பற்றிய பாடம் வந்தது. ஆசிரியர் பாடத்தை வாசிக்க வாசிக்க, வகுப்பே திரும்பி எங்கள் பெஞ்சைப் பார்த்தது. அவர் கெட்டவரில்லை. பாடத்திலும் தவறான சொல் எதுவும் இல்லை. ஆனால் அன்று முழுக்க நாங்கள் நான்கு பேர் தலை நிமிரவில்லை. தீண்டாமை என்பது எங்களிடம் இருக்கும் ஏதோ ஒரு நோய் என்பது போல ஆகிவிட்டது.

பாடநூல்களின் முன்பக்கத்தில் தீண்டாமைக்கு எதிரான வாசகம் அச்சிட்டிருக்கிறார்கள். அது பாவம், குற்றம் என்கிறது. செய்பவர் யார் என்பது அதில் இல்லை. செய்பவரைச் சொல்லாவிட்டால், பிள்ளைகளின் கண்கள் அனுபவிப்பவரைத்தான் தேடும். அதனால் எங்கள் வகுப்பில் 'தீண்டாமை இருந்தது' என்று சொல்ல மாட்டோம். 'இவர்கள் இவர்களைக் கிணற்றில் தண்ணீர் எடுக்க விடவில்லை' என்று சொல்வோம். உடனே, 'அப்புறம் அவங்க என்ன செஞ்சாங்க?' என்ற கேள்வி வரும். 1927இல் மகத்தில் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு போய்க் குளத்துத் தண்ணீரைக் குடித்தார் என்று பதில் சொல்வோம். கதை தண்ணீர் மறுத்த இடத்தில் முடியாது, தண்ணீர் குடித்த இடத்தில் முடியும்.

நம் மாவட்டத்தின் கொடியன்குளத்தையும் அப்படித்தான் சொல்கிறோம். 1995 ஆகஸ்ட் 31 அன்று போலீஸ் அந்த ஊருக்குள் புகுந்து வீடுகளை நொறுக்கியது. குடிநீர்க் கிணற்றைக் கெடுத்தது. பிள்ளைகள் படித்து வாங்கிய சான்றிதழ்களும் எரிந்தன. இரத்தத்தை விவரிக்க வேண்டியதில்லை. சான்றிதழ் எரிந்தது என்று சொன்னால் போதும், நான்காம் வகுப்புப் பிள்ளைக்கு அது புரியும். 2018 மே 22 அன்று இந்த ஊரில் துப்பாக்கிச் சூடு நடந்து 13 பேர் இறந்ததையும் நாம் மறைத்து வைக்க முடியாது. அந்தப் பிள்ளைகளின் தெருவிலேயே அது நடந்தது. நாம் பேசாவிட்டால் அவர்கள் மறக்கப்போவதில்லை. தனியாக நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

பிள்ளைகளே எழுதட்டும்

1855இல் மராத்தியில் 'ஞானோதயா' என்ற இதழில் ஒரு சிறுமியின் கட்டுரை வந்தது. முக்தா சால்வே, மாங் சாதிப் பெண், பூலே தம்பதியரின் பள்ளி மாணவி. மாங், மகர் மக்களின் துயரத்தைப் பற்றி எழுதினாள். தங்கள் நிலத்திலிருந்து துரத்தப்பட்டதை எழுதினாள். பெரிய மாளிகைகளின் அஸ்திவாரத்தில் தங்கள் மக்கள் புதைக்கப்பட்டதை எழுதினாள். அந்த மாளிகையைக் கட்டிய பிரபுவின் பெயர் பாடத்தில் இருக்கும். அஸ்திவாரத்தில் இருந்தவர்களை எழுதியது ஒரு பள்ளிச் சிறுமி. நம் மண்ணில் எம்.சி.ராஜா சட்டமன்றத்தில் பேசிய தலைவர் மட்டுமில்லை. அவர் ஆசிரியர், சின்னப் பிள்ளைகளுக்குப் பாடநூல் எழுதியவர். சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். நம் முன்னோர்கள் மேடையையும் பத்திரிகையையும் போலவே கரும்பலகையையும் முக்கியமாக நினைத்தார்கள். நாம்தான் இடையில் கரும்பலகையை அரசிடம் விட்டுவிட்டோம்.

மாணவ நண்பர்களே, உங்களிடம் நான் கேட்பது இதுதான். அயோத்திதாசரின் எழுத்துகளை 1999இல் தொகுத்து வெளியிட்டது பக்கத்தில் இருக்கும் பாளையங்கோட்டை. தொகுதி தொகுதியாக நம் அலமாரியில் இருக்கிறது. அதை வாசிக்கிற நீங்கள் வாரத்தில் ஒரு மாலையை உங்கள் தெருவின் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். ஒரு கயிறு, மூன்று அட்டைப்பெட்டி, இரண்டு கேள்வி. வேறு செலவில்லை. ஆசிரியப் பயிற்சி படிக்கிறவர்கள் உங்கள் ஒன்றியத்தின் வரலாற்றை, அங்கே வேலை செய்தவர்களின் வரலாற்றை, பத்துப் பக்கத்தில் பிள்ளைகளின் மொழியில் எழுதுங்கள். அரசிடமும் கேட்போம். மாவட்டத்துக்கு ஒரு துணைநூல், அதில் அரண்மனைக்கு ஒரு பக்கம் என்றால் அளத்துக்கும் ஒரு பக்கம். ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளில் மட்டும் அதை வைத்தால் போதாது. எல்லாப் பள்ளியிலும் வேண்டும். நம் வரலாறு நமக்கு மட்டும் தெரிந்தால் அது இன்னொரு சேரியாகிவிடும்.

கடைசியாக, அந்தப் பிள்ளையின் கேள்வி. அதற்கு நான் பதில் சொல்லவில்லை. அவளுடைய அம்மாவை வகுப்புக்குக் கூப்பிட்டேன். "நான் என்னத்தம்மா சொல்ல, எனக்கு எழுத்தே தெரியாதே" என்று பல நாள் வரவில்லை. மழைக்காலத்தில் அளம் மூடிக் கிடக்கையில், அரசு தரும் 5,000 ரூபாய் நிவாரணத்துக்கு எழுதிக் கொடுக்கச் சொல்லி வந்தவரைப் பிடித்து உட்காரவைத்தோம். பாத்தியை எப்படி மிதித்துப் பதப்படுத்துவது, உப்பு பூத்ததை எப்படிக் கண்டுபிடிப்பது, வாருபலகையை எந்த வாட்டத்தில் இழுத்தால் மண் கலக்காது என்று சொன்னார். மூன்றாம் வகுப்போடு பள்ளியை நிறுத்தி அளத்துக்குப் போனதையும், முதல்நாள் கூலியை யார் வாங்கிக்கொண்டார்கள் என்பதையும் சொன்னார். பிள்ளைகள் எழுதிக்கொண்டே வந்தார்கள். முடிவில் ஒரு பையன் எழுந்து, வகுப்பு வழக்கப்படி, "நமக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டான்.

நான் அவனை அதட்டப் போனேன். அந்த அம்மா சிரித்துக்கொண்டே சேலையைச் சற்றுத் தூக்கிக் காலை நீட்டினார். விரலிடுக்கிலும் குதிகாலிலும் உப்பு தின்ற தடங்கள். பிள்ளைகள் கிட்டே வந்து பார்த்தார்கள். அவருடைய மகள் துண்டுச்சீட்டில் அம்மாவின் பெயரை எழுதி, 'உப்பு வாரியவர்' என்று பக்கத்தில் எழுதி, 'பார்த்தோம்' பெட்டியில் போட்டாள்.

அந்த அம்மா இன்று இந்த அரங்கில் இருக்கிறார்.